நந்தி எந்தப் பக்கம் பார்க்கிறது, செல்வி?

என் செல்விக்கு,

ஓரகத்தியாக இந்த வீட்டுக்குள் வந்து, வாய் நிறைய அக்கா அக்கா என்று கூப்பிட்டே எனக்குத் தங்கச்சியாகிப்போனவளே, அங்கே யாரைக் கேள்வி கேட்டுக் குடைந்துகொண்டிருக்கிறாய்? இங்கே காணும் பொங்கல் முடிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். குறுக்கே பேசாமல் கேள்.

நீ போன பிறகு நம் தெரு வாட்ஸ்அப் குழு பாழாய்ப் போய்விட்டது. காலையில் நீ போடும் கேள்வி இருந்த இடத்தில் இப்போது ரோஜாப்பூ படமும் வணக்கமும் வந்து விழுகின்றன. "தேடுறதுக்கு முன்னாடி மனசுல பட்டதச் சொல்லிப்புடணும்" என்பது உன் சட்டம். தேனீக்கு எத்தனை கண் என்று நீ கேட்டபோது, அடுப்படியில் நின்றபடி ரெண்டு என்றேன். நீ போனில் தேடிவிட்டு, "அஞ்சுக்கா, அஞ்சு!" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ரசம் பொங்கி வழிந்ததை இருவருமே பார்க்கவில்லை. தப்பாகச் சொல்வதில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததே, அது எங்கே போயிற்று?

மார்கழியில் பொங்கல் விழாக் கமிட்டி கூடியது. வருஷா வருஷம் நீ நடத்திய வினாடி வினாவை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்று பேச்சு. கமிட்டித் தலைவர் முருகேசண்ணன்தான் ஆரம்பித்தார்.

"கோவிச்சுக்காத மல்லிகா. செல்வி இருந்துச்சு, அதுக்காக ஓடுச்சு. இப்ப கேள்வியக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள போனு பதிலச் சொல்லிப்புடுது. இதுல என்னத்தா போட்டி இருக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாரும் போனக் கீழ வைக்க வேணாம்ணே. கையிலயே வச்சுக்கங்க. நான் கேக்குறேன். போனு முழிக்கிற மாதிரி ஒரு கேள்வியாச்சும் கேக்கலைன்னா, அடுத்த வருசத்துலேர்ந்து நீங்க பாட்டே வச்சுக்கங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னது உறைத்தது. நீ கட்டிக் காத்ததை என் வாயாலேயே மூடிவிடுவேனோ?

ஆனாலும் விடவில்லை. அரிசி களையும்போதும் துணி காயப்போடும்போதும் கேள்வி யோசித்தேன். யோசித்ததை எல்லாம் போனிடம் கேட்டேன். ஒட்டகத்துக்கு எத்தனை இமை, உப்புக் கடலில் முட்டை மிதக்குமா, நட்சத்திர மீனுக்கு மூளை உண்டா? அந்தப் பாழாய்ப்போன போன் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. நான் வாயை மூடுமுன் பதில் வந்து நிற்கிறது. "ஒனக்கு என்னதான்டா தெரியாது?" என்று ஒருநாள் அதைத் திட்டியே விட்டேன். உன் மகள் ஓடிவந்து, யாரிடம் சண்டை போடுகிறேன் என்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். சாமியிடம் முறையிடத்தான். நம் ஆவுடையார்கோவிலில் சாமிக்கே உருவம் கிடையாது. கொடிமரம் இல்லை, எதிரே நந்தியும் இல்லை. எத்தனை வருஷமாகப் பார்க்கிற சந்நிதி! அன்றைக்கு என்னவோ அந்த வெறும் இடத்தில் கண் நின்றது. வெளியே வந்ததும் போனை எடுத்து, "ஆவுடையார்கோவில்ல நந்தி எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டேன். சிவன் கோயில்களில் நந்தி சுவாமியைப் பார்த்தபடி இருக்கும் என்று அது நீட்டி முழக்கியது. கோபுர வாசலில் நின்று நான் சிரித்த சிரிப்பில், செருப்பு பார்த்துக்கொள்கிற அம்மா, "என்னாச்சு, நல்லாத்தான இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

காணும் பொங்கலன்று உறியடி முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். குவைத்திலிருந்து உன் வீட்டுக்காரர், என் கொழுந்தனார், வீடியோ காலில் வந்திருந்தார். உன் காரியம் முடிந்து திரும்பிப் போனதிலிருந்து அவர் போனில் "ம்", "சரிங்க அண்ணி" என்பதற்கு மேல் பேசுவதில்லை. நான்தான் வற்புறுத்தி, போனை மேசையில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, கூட்டத்தைப் பார்த்தபடி வைத்தேன்.

முதல் கேள்விகளை எல்லாம் தெரு நொறுக்கித் தள்ளியது. முருகேசண்ணன் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார். பாட்டுக்காரர்களுக்கு மனசுக்குள் அட்வான்ஸே கொடுத்துவிட்டார் போல.

"கடைசிக் கேள்வி. நம்ம கோயில் நந்தி எந்தப் பக்கம் பாக்குது?"

அம்மாடி, அதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்! வெள்ளி தவறாமல் அந்தச் சந்நிதியில் நிற்கிற சனம் மொத்தமும் குனிந்து போனைத் தேய்த்தது. "கெழக்க!" "இல்ல, மேக்க!" "சாமியப் பாத்துத்தான்!" வருஷா வருஷம் தேர் வடம் பிடிக்கிற முருகேசண்ணன் எழுந்து, "சாமி தெக்க பாக்குறாருல்ல, அப்ப நந்தி வடக்கதான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அப்போது மேசையிலிருந்து ஒரு குரல். "அண்ணி, நம்ம கோயில்ல ஏது நந்தி?"

மைக்கைப் போன் பக்கம் கொண்டுபோனேன்.

"கல்யாணமான புதுசுல செல்வியக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். நந்தி காதுல வேண்டுதல் சொல்லணும்னு அங்கிட்டும் இங்கிட்டும் தேடு தேடுன்னு தேடுச்சு. நந்தியக் காணோமே, யாரு காதுல சொல்றதுன்னு எங்கிட்டயே கேட்டுச்சு. என் காதுல சொல்லுன்னேன். சொல்லுச்சு."

"என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ?

"அது எந்தப் போன்லயும் கெடைக்காது அண்ணி" என்று சிரித்தார். ஆமாம் செல்வி, சிரித்தார். உடனே அழுதார். தெருவே அழுதது. முருகேசண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருசமும் நீயே நடத்துத்தா" என்றார்.

நானே கண்டுபிடித்த கேள்வி என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். அதையும் எனக்கு முன்னால் நீதான் கேட்டிருக்கிறாய், கள்ளி!

நாளைக் காலையிலிருந்து குழுவில் உன் கேள்வி நேரம் மறுபடி தொடங்குகிறது. ரோஜாப்பூ அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும், நான் விடப்போவதில்லை. தேடுவதற்கு முன் என் பதிலைச் சொல்லுவேன், தப்பாக இருந்தாலும் உரக்கச் சொல்லுவேன். ஒரு கேள்வியை மட்டும் குழுவிலும் போடமாட்டேன், கொழுந்தனாரிடமும் இனிக் கேட்கமாட்டேன். அதற்கான பதில் அவர் காதோடு இருக்கட்டும்.

தப்பான பதிலோடு அடுப்படியில் நிற்கும்,
உன் மல்லிகா அக்கா