இரண்டாம் வரிசையில் மூன்றாவது முதுகு

வெள்ளிக்கிழமை

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ நலமா என்று கேட்க இந்த வாரம் எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு வரிகளையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மதியம் ஜாமீனில் வந்தேன். உள்ளே இருந்தது ஒன்பது நாள். என்னை எப்படிப் பிடித்தார்கள் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மருத்துவமனையில், வழக்கமான என் மேசையில், ஒரு பல் செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெண் போலீஸ் வந்து நின்றார்கள். கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றதற்கு, "அங்க வந்து கழுவிக்கலாம்" என்றாள் ஒருத்தி. பல் செட்டுக்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பொக்கை வாயோடு எழுந்து, "அம்மாவக் கூட்டிட்டுப் போறீங்க, சரி. என் பல்லுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கத்தினார். அந்த வாரம் முழுக்க எனக்காக எழுந்த குரல் அது ஒன்றுதான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஒரு படத்தை என் முன்னால் தள்ளினார். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறவர்களின் படம். எல்லாம் முதுகு. நாங்கள் இஞ்சினுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவோம். அது வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கால் தானாக எழுந்துவிடும் என்பதால் செய்துகொண்ட ஏற்பாடு. போலீஸும் இஞ்சின் பக்கமிருந்தே வந்ததால் அவர்கள் கையில் ஒரு முகம்கூடச் சிக்கவில்லை. அதனால்தான் நகராட்சி மண்டபத்தில் நீளமாக மேசை போட்டு, படங்களைப் பரப்பி, தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவித்தார்கள். ஊரே வந்து முதுகுகளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனதாம். நீ மட்டும் இரண்டாம் வரிசையில் மூன்றாவது முதுகின்மேல் விரலை வைத்து, "இது என் தங்கச்சி" என்றிருக்கிறாய். இன்ஸ்பெக்டர் அதைச் சப்புக்கொட்டிக்கொண்டு சொன்னார்: "உங்க அக்கா மூக்குக்கண்ணாடிகூட போடலம்மா. பார்த்தாங்க, சொன்னாங்க."

அக்கா, அது நான் இல்லை.

முதல் இரண்டு தடவை உட்கார்ந்தது நான்தான். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. குண்டு ஏற்றிய சரக்கு ரயில் எங்கள் ஊர் வழியாகப் போகக் கூடாது என்று உட்கார்ந்தோம். போலீஸ் ஒவ்வொருவராகத் தூக்கிச் சாலையோரம் வைத்தது. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பியது. மூன்றாவது தடவைக்குள் புதுச் சட்டம் வந்துவிட்டது: போர்ச் சரக்கை மறித்தால் ஆறு மாதம், அரசு வேலையில் இருந்தால் அதுவும் போகும். அன்று தூக்கவில்லை, பின்னாலிருந்து அடித்தார்கள். ரொட்டிக்கடைக்காரருக்கு முன்பல் மூன்று போயிற்று. அன்று எனக்கு விடுப்பு தரவில்லை. நான் மெழுகு உருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு அவமானம்தான். ஆனாலும் நான் அங்கே இல்லை.

படத்தில் இருப்பவள் போட்டிருக்கும் கடுகு நிற ஸ்வெட்டரைப் பார்த்து ஏமாந்திருக்கிறாய். கடையில் அந்த மாதிரி நூறு விற்கிறது. என்னுடையது உன் வீட்டில்தான் இருக்கிறது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் உன் சாப்பாட்டு மேசையில் வைத்து, "தண்டவாளத்துல உக்காருறவ எவளா இருந்தாலும் எம்புள்ளைய சுடுறவதான்" என்றாயே, அன்று எழுந்து வந்த வேகத்தில் நாற்காலியிலேயே விட்டுவிட்டேன். போய் உன் அலமாரியைத் திறந்து பார். பார்த்துவிட்டுக் கோர்ட்டுக்கு வா. வருகைப் பதிவேட்டில் அன்று என் கையெழுத்து இருக்கிறது. உன்னைப் பொய்க்காரியாக்காமல் விடமாட்டேன்.

ஐந்து வயதிலிருந்து எனக்குத் தலை வாரிவிட்டவள் நீ. என் முதுகு உனக்குத் தெரியாதா?

இப்படிக்கு,
தங்கை


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ வந்ததும் அழுததும், நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து ஓடியதும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சொல்ல வேண்டியது எல்லாம் என்னிடமே தங்கிவிட்டது. இதை இவர் நாளை உன் பள்ளிக்கூட வாசலில் உன் கையில் தருவார். நின்று படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. "கடுதாசி கொண்டு போற வயசுல யாரும் அனுப்பல, இப்ப அனுப்புறியே" என்று அலுத்துக்கொண்டார். ஆனால் நம்பிக் கொடுக்கலாம்.

முதலில் திட்டிவிடுகிறேன். அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனது நீ. உன் மாமியார், என் அக்கா, மண்டபத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்து அதை உன்னிடமே பெருமையாகச் சொன்னபோது, உனக்கு விஷயம் தெரியும். ஒன்பது நாள் தெரியும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, சும்மா இருந்திருக்கிறாய். நான் அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு, யார் அந்த மூன்றாவது ஆள் என்று எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருத்தியையும் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தேன். அந்தச் சந்தேகத்தை எல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய்.

ஆனால் தபால்காரரிடமிருந்து என் கடிதத்தை வாங்கியவள் நீ என்பது நல்லதாயிற்று. அலமாரியைத் திறந்து பார் என்று உன் மாமியாருக்கு என் கையாலேயே எழுதியிருந்தேனே. அவள் திறந்திருப்பாள். ஸ்வெட்டரில் தோள்பட்டை கிழிந்திருப்பதைப் பார்த்திருப்பாள். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்ன உன் தோளுக்கு அவளே மருந்து தேய்த்துவிட்டாள் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போலீஸ் அடித்த அதே இடத்தில், மண்டபத்துக்குப் போய்வந்த அதே கை. நீ போனபிறகு, நீ கொண்டுவந்து கொடுத்த அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நீயும் ஸ்வெட்டரை அப்படியே செய்.

நீ ஏன் போய் உட்கார்ந்தாய் என்று நான் கேட்கவில்லை. நீதான் போர்முனையிலிருந்து உன் புருஷன் எழுதியதைக் காட்டினாய். விடுப்பில் வந்த சிநேகிதன் கையில் கொடுத்தனுப்பிய அந்த ஒற்றைத் தாள். "இங்க வர்ற பெட்டியில நம்ம ஊர் முத்திரை இருக்கு. ஒண்ணாவது வராம போகட்டும்னு ஒவ்வொரு தடவையும் நெனைக்கிறேன்." எங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி எழுதுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது நீ என்று தெரிந்தால், சிப்பாயின் பெண்டாட்டி எதற்கு வந்தாள் என்று கேட்பார்கள், வீட்டைச் சோதனை போடுவார்கள், அந்தத் தாள் கிடைக்கும். உனக்கு ஆறு மாதம். அவனுக்கு என்ன என்று நான் எழுதப் போவதில்லை. தாளை மனப்பாடம் செய்துகொண்டு எரித்துவிடு. மனப்பாடம் ஆகவில்லை என்று இழுத்தடிக்காதே.

இப்போது புதுச் சிக்கல். இன்று காலை அத்தான் இங்கே வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நான் ஸ்டேஷனில் மறுத்ததை யாரோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். "அவ பொய் சொல்றவ இல்லையேன்னு பொலம்புறா. சாப்பாடு இறங்கல. புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போயி, நான் பார்த்தது தப்புன்னு எழுதிக் கொடுக்கப் போறாளாம். நீ சந்தோஷப்படுவேன்னு சொல்ல வந்தேன்" என்றார். போன வாரம் இதைக் கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். நேற்று மாலை நீ வந்து போன பிறகு கேட்டதால், அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அது நான் இல்லை என்று அவள் சொன்ன மறுநாளே மேசையை மறுபடியும் போடுவார்கள். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்காரி வருவாள், உன் பள்ளி ஆயா வருவாள்.

அதனால் நான் ஒப்புக்கொள்ளப் போகிறேன். அடுத்த திங்கட்கிழமை விசாரணை. அதுவரை அக்கா அசையாமல் இருந்தால் போதும். பதிவேட்டைப் பற்றிக் கவலைப்படாதே. மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன். "கையெழுத்துப் போட்டுட்டு வெளிய போறது இங்க யாருக்கு வழக்கமில்ல, நான் உள்பட" என்றார்.

மறுத்து எழுதாதே. எனக்கு வேலை போகும் என்பது தெரியும். பதினெட்டு வருட வேலை. தியாகம் என்று நினைத்து என்னைக் கும்பிடவும் வேண்டாம், அது எனக்குப் பிடிக்காது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நீ இருந்தாய். அவ்வளவுதான்.

அக்காவுக்கு இன்றே எழுதுகிறேன். இரக்கம் வந்தால் அவள் பின்வாங்குவாள். கோபம் வந்தால் மாட்டாள். அவளுக்குக் கோபம் வரவைக்க எனக்கு நாற்பத்து மூன்று வருடப் பழக்கம் இருக்கிறது. கடிதத்தைப் படித்து அவள் என்னைக் கண்டபடி ஏசும்போது நீ எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆமாம் அத்தை என்று சொல். முடிந்தால் நீயும் ஒரு வார்த்தை சேர்த்து ஏசு.

தோளை மருத்துவரிடம் காட்டு. எங்கள் மருத்துவமனைக்கு மட்டும் வராதே.

உன்
சித்தி


ஞாயிற்றுக்கிழமை

அக்காவுக்கு,

அத்தான் வந்து சொன்னார். புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலத்தை மாற்றப் போகிறாயாம். யார் கேட்டது உன்னை?

நான் மறுத்தது பயத்தில். வேலை போய்விடுமே என்று வாய் குழறி இல்லை என்றேன். அவ்வளவுதான். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று நீ சொன்னதாக அத்தான் சொன்னார். உனக்கு என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தது நான்தான். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்பக்கக் கதவு வழியாகப் போய் உட்கார்ந்தேன். என் ஸ்வெட்டரைத் தேடி உன் வீட்டைப் புரட்ட வேண்டாம். நீயும் அத்தானும் வெளியே போய், உன் மகனும் மருமகளும் வேலைக்குப் போன ஒரு நாள் நானே வந்து எடுத்துக்கொண்டேன். பூட்டின் மறுசாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மகன் என்று எழுதிவிட்டேன் பார். அவன் இங்கே இல்லை என்பதுகூட மறந்து போகிறது. மருமகள் மட்டும் என்று திருத்திப் படித்துக்கொள்.

இதையும் தெரிந்துகொள். விட்டால் நான் மறுபடியும் போய் உட்காருவேன். உன் பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போகிற ரயில் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன், தெரிந்துதான் உட்காருவேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அது என் கணக்கில் குறுக்கே வரவில்லை. இப்போது போய் உன் இரக்கத்தை ஸ்டேஷனில் எழுதிக் கொடு, பார்க்கலாம்.

உண்மையில் அது இரக்கம்கூட இல்லை. நாலு பேர் முன்னால் தைரியமாக ஒன்றைச் சொல்வாய். அப்புறம் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை என்பாய். சின்ன வயதிலிருந்து இதுதான். அப்பாவிடம் என்னைக் காட்டிக்கொடுப்பாய், அடி விழும்போது அறைக்குள் போய் அழுவாய். ஒரு தடவையாவது காட்டிக்கொடுத்தால் காட்டிக்கொடுத்த இடத்தில் நில். உன் வார்த்தையை நம்பித்தான் அரசாங்கம் என்மேல் வழக்குப் போட்டிருக்கிறது. நீ மாற்றிச் சொன்னால் ஊர் சிரிக்கும். ராணுவத்தில் பிள்ளை இருக்கிற வீடு போராட்டக்காரிக்குப் பயந்துவிட்டது என்று பேசும். அந்தப் பேச்சு அவன் காதுக்கும் போகும். யோசித்துக்கொள்.

கோர்ட்டுக்கு வா. என்னை நேராகப் பார். இவள்தான் என்று சொல். தடுமாறாதே. நானும் ஆமாம் என்பேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நீ எனக்கு எழுத வேண்டாம், பார்க்கவும் வர வேண்டாம். இவரை நான் பார்த்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அவருக்குச் சமைக்கத் தெரியும், என்னைவிட நன்றாகவே.

உன் மருமகள் அதிகம் பேசமாட்டாள். அதற்காக அவளைக் குடையாதே. வீட்டில் ஆள் இல்லாத பெண் எதையாவது நினைத்துக்கொண்டு இருப்பாள், இருக்கட்டும். அவன் கடிதம் வந்தால் முதலில் அவளைப் படிக்க விடு. சத்தமாகப் படிக்கச் சொல்லாதே.

கடைசியாக ஒன்று. இவ்வளவு எழுதிய கையாலேயே இதையும் எழுதுகிறேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். அவன் கை கால் முழுசாக வீடு வந்து சேரட்டும். வரும் நாளில் நான் உன் வாசலுக்கு வரமாட்டேன். நீங்கள் நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அங்கே என்ன நடந்தது என்று நீ அவனைக் கேட்காதே. இங்கே என்ன நடந்தது என்று அவன் அவளைக் கேட்காமல் இருக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நால்வரும் நிம்மதியாகத் தூங்குங்கள்.

இப்படிக்கு,
நீ சரியாகவே அடையாளம் காட்டிய
தங்கை