கீறி வைத்த மல்லாட்டை

மார்க்கெட் கமிட்டி வாசலில் மல்லாட்டை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த வேர்க்கடலை ஓட்டின் மண்வாசனை மூக்கில் ஏறியதும் அரைப்படி வாங்கி வந்துவிட்டேன். நீ இறந்த பிறகு இந்த வீட்டுக்குள் மல்லாட்டை வருவது இதுதான் முதல் தடவை. இரண்டு வருடமாக விரல் பயிற்சி ரப்பர் பந்தோடு சரி.

நரம்பின் மேலுறை அரித்துப்போகிற என் நோய்க்கு டாக்டர் சொன்ன பெயர் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். நம் தெருவில் அதற்குப் பெயர் வாதம். வலது தோளிலிருந்து விரல் வரை எரியும், பேனா நழுவும். வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து கோணிக்கொண்டு போனதைப் பார்த்த தலைமையாசிரியர், "முடியலன்னா கைநாட்டு வச்சிடுங்க சார், நான் கண்டுக்க மாட்டேன்" என்றார். ஆசிரியர் அறையே சிரித்தது. இரண்டு எம்.ஏ. படித்தவனிடம்! அவருடைய பிரிவு உபசாரத்துக்கு நான் போகவில்லை. இன்றும் அதில் வருத்தமில்லை.

திண்டிவனத்துக்கு என்னை இழுத்துப்போனவள் நீ. தினமும் உப்பு ஒத்தடம் கொடுப்பதாக நீ சொன்னதும், பிசியோதெரபி செய்கிற அந்த இளைஞர் பதறிவிட்டார். "சூடு இவருக்கு ஆவாதும்மா. கை இன்னும் சோந்துபூடும்." வலிக்கு ஈரத்துண்டு, கைக்கு முட்டுக்கொடுக்கத் தலையணை, விரல்களுக்கு மல்லாட்டை உரிக்கிற வேலை. "பத்து காயி, அப்புறம் ரெஸ்ட். ஜல்தி வேணாம் சார்."

ஒரே மாதத்தில் அரைப்படி உரிக்கிறவனானேன். கை திரும்பிவிட்டது என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். அடுத்த தடவை திண்டிவனம் போனபோது அந்த இளைஞர் தன் டப்பாவிலிருந்து கொடுத்த காயில் ஒன்றைக்கூட என்னால் உடைக்க முடியவில்லை.

"இன்னா சார், வீட்ல படிபடியா உரிக்கிறேன்னீங்க?"

பக்கத்தில் நீ தலைகுனிந்திருந்தாய். எனக்குப் புரிந்துவிட்டது. நான் குளிக்கிற நேரத்தில் ஒவ்வொரு காயின் மூக்கையும், தொட்டதும் உடைகிற மாதிரி நகத்தால் கீறி வைத்திருக்கிறாய்.

பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது கேட்டேன். "என்னைக் கையாலாவாதவன்னு முடிவே பண்ணிட்டியா?"

"மனசு ஒடஞ்சிட்டா கையி எப்பிடிங்க வரும்?" என்றாய்.

நான் மன்னிக்கவில்லை. மறுநாளிலிருந்து காயை நானே வாங்கினேன். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வலி போகவில்லை. ஆனால் ஐந்து மாதம் கழித்து பதிவேட்டில் என் பெயர் நேராக விழுந்தது. "இன்னிக்கி கையெழுத்து நல்லா வந்துச்சாங்க?" என்று தினமும் வாசலிலேயே கேட்பாய். "உனக்கெதுக்கு அது?" என்று உள்ளே போய்விடுவேன். கடைசிவரை உனக்கு நான் சொல்லவேயில்லை.

வந்தது. இன்றும் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஒரு நாளும் கைநாட்டு வைக்கவில்லை.

மடியில் முறம் இருக்கிறது. வீட்டில் வேறு சத்தமில்லை. ஒவ்வொரு காயையும் உடைக்கும் முன், கீறல் இருக்கிறதா என்று அதன் மூக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறேன். பத்து காய் ஆயிற்று. ஒன்றிலும் இல்லை.