சாப்பிட்ட பிறகும் அந்த மேசையில்

இல்லம்மா, வேலைய விடல, அவங்களும் துரத்தல. காலேஜ விட்ட மாதிரி இதையும் விட்டுடுவேன்னு பயப்படாத. நான் நல்லா இருக்கேன். உன் முட்டி வலி எப்படி இருக்கு?

பிரிக்பீல்ட்ஸ்ல இந்த ஸ்பானிஷ் கடையில நேத்து ஒரு குடும்பம் சாப்பிட்டு முடிச்சிட்டுப் பேசிக்கிட்டு இருந்துச்சு. கிள்ளான் வாழையிலைக் கடையில பழகின கையாச்சே, இலைய மடிச்ச உடனே தூக்குற மாதிரி, தட்டெல்லாம் அள்ளி மேசையத் துடைச்சிட்டேன். அவங்க பேச்சே நின்னு போச்சு. முதலாளி இனெஸ் ஓடி வந்து, "குரு, ஏன் லா அவங்கள விரட்டுற?"ன்னாங்க. சரி, வேலை போச்சுன்னு நினைச்சேன்.

ஆனா சிரிச்சிட்டாங்க. அவங்க பாஷையிலயும் மேசைக்கு 'மேசா'தான். 'மேசா போடு'ன்னா தட்டு, கரண்டி எல்லாம் வைக்கணும். சாப்பிட்ட பிறகும் எழுந்திரிக்காம உக்காந்து பேசுறதுக்கு 'சொப்ரெமேசா'வாம். அதுக்குன்னே ஒரு பேரு, பாரேன்!

நான் இங்க அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டேதான் சாப்பிடுறேன். தீபாவளிக்கு வரேன். கால் ஆடுற அந்த நாற்காலிக்கு அப்பாவ ஆணி அடிச்சு வைக்கச் சொல்லு. அன்னைக்குச் சாப்பிட்டதும் தட்டத் தூக்கிட்டு ஓடாதம்மா, உக்காரு.

ஆள் வந்துட்டாங்க, மேசா போடணும். வரேன்.