பெயரை மட்டும் அழித்தேன்

வெள்ளவத்தை
12.03.2025

அன்புள்ள பிறிஜெற்,

திங்கட்கிழமையிலிருந்து ஒன்பது தடவை போன் எடுத்துவிட்டேன். நீ பதில் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் தாளில் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், இனி எதையும் போனில் அடிக்கவே எனக்குக் கை கூசுகிறது.

ரொஷேல் உனக்கு எவ்வளவு சொன்னாளோ தெரியாது. நான் முழுக்கச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தவணை கம்பசில் என் ஆங்கில வகுப்புக்கு ஓர் ஒப்படை கொடுத்தேன். சொல்லக் கஷ்டமான ஒரு விஷயத்தை யாருக்காவது கடிதமாக எழுத வேண்டும். அதை ஏஐயோடு கதைத்துக் கதைத்துத் திருத்த வேண்டும். அதோடு கதைத்த அவ்வளவையும் எனக்கு அனுப்ப வேண்டும். முப்பது மார்க்ஸ். எல்லோரும் சொந்தப் போன் நம்பரில்தான் கணக்குத் திறக்க வேண்டும் என்றதும் நான்தான்.

முதல் நாளே ரொஷேல் வந்து கேட்டாள். உன் வீட்டில் என்னை அன்ரி என்பவள், இங்கே ஒழுங்காக மிஸ் என்பாள். "மிஸ், கடைசிக் கடிதத்தை மட்டும் தந்தாப் போதாதா? அதோட கதைச்சதெல்லாம் தர வேணுமா?"

"முழுசாத் தராட்டி மார்க்ஸ் இல்ல. நான் மட்டும்தானே வாசிக்கப் போறன்" என்றேன். பிள்ளை ஏன் கேட்கிறாள் என்று என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை.

அவள் எழுதிய கடிதம் உனக்குத்தான், பிறிஜெற். உன் மகன் மெல்ரோய் டோஹாவில் வேலை செய்கிறான் என்று நீ எல்லோருக்கும் சொல்கிறாயே, அதைப் பற்றி. அவன் குடியை விட வைக்கும் நிலையத்தில் இருக்கிறான் என்பதை நீ எனக்கே சொல்லவில்லை. உன் மகளின் ஒப்படையில்தான் நான் அறிந்தேன். வாசித்துவிட்டு அழுதேன். அழுத கையோடு, இவ்வளவு உண்மையாக வேறு யாரும் எழுதவில்லையே, வகுப்புக்கு மாதிரியாகக் காட்டலாமே என்றும் நினைத்தேன். வாத்தியார் புத்தி!

பெயர்களை எல்லாம் தேடித் தேடி அழித்தேன். ரொஷேல், மெல்ரோய், உங்கள் மாதா கோவில், தெரு, ஒன்றையும் விடவில்லை. திங்கட்கிழமை அதைத் திரையில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ரதி என்ற பிள்ளை கடைசி வாங்கிலிருந்து, "ஐயோ, இது ரொஷேல்ட அய்யே தானே? டோஹாவில இருக்கிறவர்!" என்றாள்.

அய்யே! கடிதம் முழுக்க ஆங்கிலம். அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் அப்படியே எழுதியிருந்தாள். வகுப்பில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அண்ணா. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்த உன் மகளுக்கு மட்டும்தான் அய்யே. வேறு யாராவது திருத்தியிருந்தால் அந்தச் சொல் கண்ணில் குத்தியிருக்கும். இருபது வருஷமாக உன் வீட்டில் கேட்டுப் பழகிய எனக்குக் குத்தவில்லை.

நான் திரையை அணைப்பதற்குள் ஐம்பது பேரும் வாசித்துவிட்டார்கள். ரொஷேல் பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

நான் மட்டும்தான் வாசிப்பேன் என்று சொல்லி வாங்கினேன். சொன்ன வாக்கை நானே முறித்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன்.

உன்
விசாலி


கொட்டாஞ்சேனை
17.03.2025

விரிவுரையாளர் விசாலி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து 'நீ' என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு இப்போது அது வரவில்லை. குறை நினைக்க வேண்டாம்.

நேற்று பூசை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் கோவிலுக்கு வரும் சுபோதினி பிடித்துக்கொண்டாள். "டோஹாவில இப்ப சரியான வெயிலாமே, பிறிஜெற்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ரதி அவளுடைய அக்காவின் மகள். இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. யாருக்கு யார் சொந்தம் என்று பாடத்திட்டத்திலா எழுதியிருக்கும்?

பொய் சொன்னது நான்தான். அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். மெல்ரோய் சுகமாகி வரும் மட்டும் அவன் மானத்தைக் காப்பாற்ற நினைத்தேன். சின்னவளையும் அந்தப் பொய்க்குள் இழுத்துவிட்டேன். கோவிலில் யாராவது கேட்டால் அவள் வாய் என்னைப்போலவே "அய்யே டோஹாவில" என்று சொல்லும். முகம் மட்டும் வாடிப்போகும். நான் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தேன். அந்தப் பாவம் என்னோடது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அது என் மகள் எனக்கு எழுதிய கடிதம். ஐம்பது பிள்ளைகள் வாசித்துவிட்டார்கள். நீங்கள் வாசித்தீர்கள். ஏதோ ஒரு நாட்டுக் கொம்பனியின் மெஷின் வாசித்தது. நான்தான் இன்னும் வாசிக்கவில்லை. ரொஷேல் வகுப்புக்கும் போவதில்லை, என்னோடும் கதைப்பதில்லை. கேட்டால், "ஒண்டுமில்ல மம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள்.

அதை எனக்கு அனுப்புங்கள். ஊருக்குக் காட்டியதைத் தாய்க்குக் காட்ட என்ன தடை? அனுப்பினால் மற்றதெல்லாவற்றையும் நான் மறந்துவிடுவேன்.

எத்தனை மார்க்ஸ் போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.

பிறிஜெற்


வெள்ளவத்தை
22.03.2025

அன்புள்ள பிறிஜெற்,

இருபத்தெட்டு போட்டிருந்தேன். அதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நேற்று ரொஷேல் என் அறைக்கு வந்தாள். படிப்பை விடப் போவதாகக் கடிதம் கொண்டுவந்திருந்தாள். பிள்ளை முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். இனி யாரும் கட்டாயமாக ஏஐயில் எழுத வேண்டியதில்லை, கையால் எழுதித் தரலாம், கதைத்ததைக் காட்டவும் வேண்டாம் என்று பீடாதிபதியிடம் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். "எனக்குப் பிறகு வாறவைக்கு நல்லம் மிஸ்" என்றாள். படிப்பை விடும் கடிதத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவ்வளவில் எனக்கு மூச்சு வந்தது.

அவளுடைய ஒப்படையை ஒரு பிரதி அடித்து, கவரில் போட்டு ஒட்டி, அவள் கையில் கொடுத்தேன். என்னிடம் இருந்ததை அவள் பார்க்க அழித்தேன். அந்தக் கொம்பனியிடம் இருப்பது என்ன ஆகும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, பிறிஜெற். ஐம்பது பிள்ளைகளை அதற்குள் அனுப்பும் முன் நான் அதைக் கேட்கவே இல்லை.

பிறகு, "மம்மாவுக்குக் குடுக்கட்டா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அதனால் உனக்கு அனுப்பமாட்டேன். அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். அதை இங்கே எழுதினால் நீ என்னை இன்றைக்கே மன்னித்துவிடுவாய். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். முதல்முறை அவளைக் கேட்காமல் காட்டினேன். உன்னை இழக்கப் பயந்து இரண்டாம் முறையும் அதையே செய்தால் நான் மனுஷியே இல்லை.

கோபப்படு. பேசு. ஆனால் என்னை விட்டுவிடாதே.

உன்
விசாலி


கொட்டாஞ்சேனை
06.04.2025

விசாலி,

கோபம் ஆறிவிட்டது. அது ஆறட்டும் என்றுதான் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

போன கிழமை சுபோதினி திரும்பவும் டோஹா என்று தொடங்கினாள். ரொஷேல் பக்கத்தில் நின்றாள். எங்கிருந்து எனக்குத் துணிவு வந்ததோ, "மெல்ரோய் டோஹாவில இல்ல. குடியை விட வைக்கிற இடத்தில இருக்கிறான். நான்தான் பொய் சொன்னனான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ரொஷேல் என் கையைப் பிடித்தாள். வீடு வரும் மட்டும் விடவில்லை. இன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மெல்ரோயைப் பார்த்துவிட்டு வந்தோம். மெலிந்திருக்கிறான். நல்லாகச் சாப்பிட்டான்.

பஸ்ஸில் வரும்போது அந்தக் கடிதத்தைத் தரச்சொல்லிக் கேட்டேன். கவரை அன்றைக்கே கிழித்துப் போட்டாளாம். "வாயால சொல்லன் மகள்" என்றேன். "ஏலாது மம்மா. உங்களுக்கெண்டுதான் எழுதினனான். இப்ப அது கிளாசில காட்டினதாப் போச்சு" என்றாள். பிறகு நான் கேட்கவில்லை. நாளைக்கு அவள் வகுப்புக்கு வருவாள்.

நீ எனக்கு அனுப்பாமல் விட்டது சரி. அதை நான் சொல்லத்தான் வேண்டும். என் பிள்ளை பக்கம் நின்றாய். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, விசாலி.

ஆனால் என் மகள் எனக்குச் சொல்ல நினைத்தது இனி அந்தக் கொம்பனியிடமும் உன் மனதிலும்தான் இருக்கிறது. உன்னைக் கண்டால் நான் அதைக் கேட்பேன். கேட்காமல் இருக்க என்னால் ஏலாது. நீயும் ஒருநாள் இரங்கிச் சொல்லிவிடுவாய். பள்ளிக்கூட நாளிலிருந்து உன்னை எனக்குத் தெரியாதா?

அதனால் இனி வீட்டுக்கு வராதே.

பிறிஜெற்