நாற்பது ரூபாய் வேலை

கோட்டையூர்
14.2.1972

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு, பொன்னழகு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். சருகணியில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு தேவலையா?

விளையாட்டு நிதியில் பணமில்லை, ஜூனில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று கல்லூரியில் உங்களை அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. அதுவரை வாலிபால் நின்றுவிடக் கூடாதே என்று நானே பிள்ளைகளை ஆடவிடுகிறேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட வந்தவள், எட்டாவதோடு நின்றவள். காலேஜுப் பிள்ளைகளிடம் பேச நாக்கு எழவில்லை. கேப்டன் கண்ணம்மை, "ஏன்டி, வாயத் தெறந்தா முத்து உதுந்துருமா?" என்று கேலி செய்தாள். இப்போது கொஞ்சம் பேசுகிறேன்.

போன சனிக்கிழமை சிவகங்கையில் ஜெயித்துவிட்டோம், டீச்சர்! கடைசி ஆட்டம் பதினைந்துக்குப் பதிமூன்று. பிரின்சிபால் அம்மா என் சம்பளத்தை நாற்பது ரூபாய் ஆக்கிவிட்டார்கள். நீங்கள் வரும்போது அணி தயாராக இருக்கும்.

தங்கள் கீழ்ப்படிந்த
பொன்னழகு


சருகணி
28.2.1972

அன்புப் பொன்னழகு,

நீங்கள் ஜெயித்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அம்மாவின் உடம்பு அப்படியேதான் இருக்கிறது.

பிறர் சொல்லி நீ அறிய வேண்டாம் என்று எழுதுகிறேன். கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நாற்பது ரூபாயில் எல்லாம் ஒழுங்காக நடப்பதால், இருநூற்றைம்பது ரூபாய்ச் சம்பளத்தில் உடற்பயிற்சி ஆசிரியை இனித் தேவையில்லையாம். ஜூனில் நான் வரப்போவதில்லை. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை.

யூஜினியா சர்வீஸ் போடும்போது கோட்டை மிதிப்பாள். பார்த்துக்கொள்.

அன்புடன்
ஞானபூரணி


கோட்டையூர்
10.4.1972

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாளே வேலையை விட்டுவிட்டேன். பிரின்சிபால் அம்மாவிடம், "பிள்ளைகளுக்குக் கைகால் பிசகுனா எனக்கு என்னம்மா தெரியும்? டீச்சரத்தான் கூப்பிடணும்" என்றேன். "நாப்பது பத்தலையா? அம்பதா வாங்கிக்க" என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஆத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கூட்டிப்போக ஆளில்லாமல் மதுரைப் போட்டிக்கு அணி போகவில்லை. கண்ணம்மைக்கு இதுதான் கடைசி வருஷம். பஸ்ஸில் என்னைப் பார்த்தவள், "என்ன டீச்சரம்மா, சொகமா இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் காரணம் சொல்லவில்லை.

மதுரைக்கு அனுப்பாததற்குப் பெற்றோர்கள் வந்து சத்தம் போட்டார்களாம். உங்கள் வேலைக்கு இப்போது விளம்பரம் ஒட்டியிருக்கிறது என்று யூஜினியா வந்து சொன்னாள். பழைய சம்பளமேதான். மே ஐந்துக்குள் மனுப் போட வேண்டும். தயவுசெய்து போடுங்கள்.

நான் அரிசி மில்லில் சேர்ந்துவிட்டேன். நீங்கள் வந்த பிறகு கோடு போட என்னைக் கூப்பிட வேண்டாம், டீச்சர். என்னை அங்கே பார்த்தால் அவர்களுக்கு நாற்பது ரூபாய் ஞாபகம் வந்துவிடும்.

பொன்னழகு