முகம் கழுவ வைத்த தண்ணீர்

ஆகஸ்ட் 3

சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. செத்தவர்களுக்குக் கதவு திறந்தாயிற்று. மாத முடிவில் அடைத்துவிடுவார்கள். அத்தை பொழுதெல்லாம், செத்தவர்களுக்கு எரித்து அனுப்பும் பொன் தாளில் தாமரை மடிக்கிறார். என் புருஷன் யி-ஷெங் போனபிறகு வரும் முதல் ஏழாம் மாதம். "என் புள்ள வெறுங்கையோட திரும்பிப் போகக் கூடாது." இதை என்னிடம் சொல்லவில்லை, தாளிடம் சொன்னார். மார்ச் மாதப் பனிமூட்டத்தில் அவன் பைக்கோடு விழுந்ததிலிருந்து இப்படித்தான். அன்றைக்கு அவன் பார்த்தது என் ஷிப்ட். எனக்குக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 9

விமான நிலையத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிடியை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் விமானத்துக்குள் எண்ணெய் ஏறும், கையை விட்டால் நின்றுவிடும். "கை மரத்துப்போகுதுக்கா" என்று கூட வேலை பார்க்கும் பையன் ஆ-குவான் புலம்பினான். "என் பொண்டாட்டி கையைவிட இதைத்தான் அதிகமாப் பிடிச்சிருக்கேன்" என்பான் யி-ஷெங். இன்றைக்கு அது ஞாபகம் வந்து, எண்ணெய் லாரிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தேன்.

மேலாளர் காவ் அண்ணன் வந்து, "பதினஞ்சாம் தேதி மூணு மணிக்குப் படையல். யி-ஷெங் நம்ம ஆள். உன் மாமியாரையும் கூட்டிட்டு வா, தாளெல்லாம் இங்கயே எரிச்சிடலாம்" என்றார். நல்ல மனசு.

ஆகஸ்ட் 15

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம், வாகன நிறுத்தத்தில் படையல் மேசை. முழுக்கோழி, பழம், பிஸ்கட், பியர். வருகிறவர்கள் முகம் கழுவ ஒரு பேசின் தண்ணீர், புதுத் துண்டு. அதை அத்தை யி-ஷெங்குக்கென்றே வைத்தார். பக்கத்தில் தாள் எரிக்கும் இரும்புப் பீப்பாய். எல்லா வருஷமும் அங்கேதான், விமானம் நிற்கும் தளத்திலிருந்து நல்ல தூரம்.

நான் மதிய விமானத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். தொட்டி நிரம்பியதும் தானாக மூட வேண்டிய வால்வு மூடவில்லை. இறக்கை நுனியிலிருந்து கொட்டியது. பிடியை விட்டேன், நின்றது. அதற்குள் தரையில் ஓர் அறை அளவுக்குப் பரவிவிட்டது. ஏற வந்த பயணிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கத்தினேன், தீயணைப்புக்குச் சொன்னேன். ஆ-குவான் லாரியை நகர்த்த ஏறினான். "சாவியத் தொடாதடா! ஒரு பொறி போதும்!" இறங்கிவிட்டான்.

உறிஞ்சும் விரிப்பு எடுக்க லாரிக்குப் பின்னால் போனேன். அந்த நேரம் பார்த்துக் காவ் அண்ணன் வந்திருக்கிறார். "படையலுக்கு நேரமாச்சுப்பா, சட்டுனு தண்ணி அடிச்சு விடு!" திரும்பிப் பார்த்தால் ஆ-குவான் கையில் குழாய். எண்ணெய் பாதி, தண்ணீர்மேல் மிதந்தபடி வடிகாலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்த வடிகால் எங்கே திறக்கிறது? வாகன நிறுத்தத்தில். பீப்பாய்க்குப் பக்கத்தில். வேலிக்கு அப்பால் புகை எழுந்தது. மூன்று மணிகூட ஆகவில்லை, அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"மணலைப் போட்டு அடைங்க!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

அத்தை சாக்கடை ஓரத்தில் வழிந்த தண்ணீரில் நின்று, ஒவ்வொரு தாமரையாகப் பீப்பாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தார். நகருங்கள் என்றேன். நகரவில்லை.

"நீ யாருடி தடுக்க? உயிரோட இருந்தப்போ உன் ஷிப்ட். செத்தப்புறமும் உன் ஷிப்டா?"

வேறு தண்ணீர் இல்லை. யி-ஷெங்கின் பேசினைத் தூக்கிப் பீப்பாய்க்குள் ஊற்றினேன். மேசையில் எரிந்த ஊதுவத்திகளையும் பிடுங்கி உள்ளே அமுக்கினேன். தாமரைகள் கறுத்துக் கூழாகிப்போயின.

தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் சாக்கடை முழுக்க நுரை அடித்தார்கள். அத்தை கீழே விழுந்த துண்டைப் பிழிந்து எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

ஆகஸ்ட் 16

எனக்குச் சோறு வைத்தார். தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 20

விசாரணை. "கழுவச் சொன்னது நான்தான். ஆ-குவான் பேர்ல எதுவும் எழுதாதீங்க" என்றார் காவ் அண்ணன். இனி வாகன நிறுத்தத்தில் தாள் எரிக்கக் கூடாதாம். சரிதான்.

ஆனால் யி-ஷெங்? — நான் இதையெல்லாம் நம்புகிறேனா? இத்தனை நாள் நம்பவில்லை. அந்தத் தண்ணிய ஊத்தினதுலேருந்து நம்புறேன். அவன் முகம் கழுவ வந்து நிக்கிறான், பேசின் காலியா இருக்கு. இன்னும் ஒன்பது நாள்ல கதவ அடைச்சிருவாங்க. என்னத்த எடுத்துட்டுப் போவான்?

அழுதேன்.

ஆகஸ்ட் 25

வேலை முடிந்து வந்தேன். வாசலில் அத்தை, அன்றைக்குப் போட்டிருந்த துணிச்செருப்பை மூக்கருகே பிடித்தபடி நின்றிருந்தார்.

"எத்தனை தடவை துவைச்சாலும் போகல" என்றார். பிறகு, "இது அவன் சட்டை வாசம். பத்து வருஷம் துவைச்சிருக்கேனே, எனக்குத் தெரியாதா?"

பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்த எண்ணெய்க்குள்ளயா நின்னுட்டிருந்தேன்?"

"ஆமா அத்தை."

"லைட்டர் என் கையில."

"ஆமா."

செருப்பைக் கீழே வைத்தார். சாப்பிட்டபிறகு ஒரு கட்டுப் பொன் தாளை மேசையில் என் பக்கம் தள்ளினார். மடித்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தாமரையா, முட்டைகோஸா?" பிரித்து மறுபடி மடித்துக் காட்டினார்.

ஆகஸ்ட் 29

கதவு அடைக்கும் நாள்.

இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனோம். மணலில் பீப்பாய், ஒரு மூட்டை தாமரை. என்னுடைய முட்டைகோஸ்களும் அதில் இருந்தன. அத்தை இரண்டு பேசின் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அந்தத் துண்டையே துவைத்து மடித்து ஓரத்தில் வைத்தார். இன்னொன்றையும் நிரப்பினார். அதற்குத் துண்டில்லை. அதைப் பீப்பாய் பக்கத்தில், என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

லைட்டரை எடுத்தார். பற்றவைக்கவில்லை.

"காத்து எந்தப் பக்கம் போகுது? பாத்துச் சொல்லு."

விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தேன். "கடல் பக்கம்."

"அப்போ பத்தவைக்கலாமா?"

"வைங்க அத்தை" என்றேன்.