பச்சைப் பொட்டு

மார்ச் 3

என்னப்பா நோட்டு, நல்லா இருக்கியா? நாலு நாளாக உன்னைத் திறக்கவில்லை, கோபமா? பெரிய வீடு ஒன்றில் பெயின்ட் வேலை. மூன்று மாடி, அறைக்கு ஒரு நிறம். அந்த வீட்டம்மாவுக்குப் படுக்கையறையில் மேகத்து நிறம் வேண்டுமாம். எந்த மேகம், மழைக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். முறைத்தார். சரி, அது வேறு கதை.

சொல்ல வந்தது இது. சந்து முனையில் நகரத் திட்ட ஆபீஸ்காரர்கள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் பூங்கா என்று இந்தப் பகுதிக்குப் புதுத் திட்டம் போடுகிறார்களாம். குடியிருப்பவர்களையே கேட்டு முடிவு செய்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன்.

"நம்மளைக் கேட்டா?" என்றார் இஸ்திரிக்காரர். "வீட்டுக்காரனே நம்மளைக் கேட்டு வாடகை ஏத்தினதில்லையே அண்ணே."

சிரித்தோம். ஆனால் போகத்தான் வேண்டும். எங்கள் சந்தில் நாற்பத்தொரு வீடு, எல்லாம் வாடகை. இந்த வாடகைக்கு இன்னொரு அறை கிடைத்தால் அது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில்தான் இருக்கும். அக்காவுக்கு வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இங்கிருந்து அவள் நடையில் பத்து நிமிடம். அத்தான் போன பிறகு அவள் எங்களோடு இருப்பதே அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

மார்ச் 9

கதவு கதவாகத் தட்டி அறுபத்துமூன்று பேரைக் கூட்டிப் போனேன். பிஸ்கட் கொடுத்தார்கள். பல்லில்லாதவர்கள் டீயில் முக்கினார்கள், பாதி டீக்குள்ளேயே போய்விட்டது.

மேசை மேல் போர்வை அகலத்துக்கு ஒரு வரைபடம் விரித்திருந்தது. பேர் ஒன்றும் கிடையாது, கட்டத்துக்குக் கட்டம் ஒரு எண். ஆளுக்கு இரண்டு ஸ்டிக்கர், பொட்டு மாதிரி வட்டமாக. குறைந்த வாடகை வீடு எங்கே இருக்கணுமோ அங்கே சிவப்பு. பூங்கா எங்கே வேணுமோ அங்கே பச்சை. அவ்வளவுதான் வேலை.

நடுவில் நீலக் கோடு, அது கால்வாய். அதற்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இரண்டு கட்டம். ஒன்று எங்கள் சந்து. இன்னொன்று மூடிக் கிடக்கும் ஐஸ் ஃபேக்டரி.

"எதுங்க நம்ம இடம்?" என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். இந்தச் சந்தில் நான் பெயின்ட் அடிக்காத சுவர் இல்லை, என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பார்கள்? புழுக்கம் தாங்காமல் மேசைக்கு அந்தப் பக்கம் போய் ஃபேனுக்கு அடியில் நின்றிருந்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து வந்தால் கால்வாய்க்கு இடது கை நாம், வலது கை ஃபேக்டரி என்று விரலால் தொட்டுக் காட்டினேன். சந்தில் சிவப்பு, ஃபேக்டரியில் பச்சை. ஒருவர் பாக்கியில்லாமல் ஒட்டினோம்.

ஆபீஸ் அம்மா அடுத்த மேசையிலிருந்து, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று குரல் கொடுத்தார்.

"நல்லாப் புரிஞ்சுதும்மா" என்றேன். நான்தான் சொன்னேன்.

மார்ச் 10

அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்தப் பூங்காவில் பெஞ்சு எங்கே போடுவார்கள் என்றே பேசிக்கொண்டு வந்தாள்.

மே 21

வரைவுத் திட்டம் என்று ஆபீஸ் வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். இஸ்திரிக்காரர் பார்த்துவிட்டு ஓடிவந்தார், மூச்சு வாங்க.

"அண்ணே, நம்ம சந்து பச்சையா இருக்கு. பூங்காவாம். ஐஸ் ஃபேக்டரி சிவப்பு. அங்கே அடுக்குமாடி வருதாம், கட்டி முடிக்க ஆறு வருஷமாம். அதுவரைக்கும் நாம எங்கே போறது?"

"ஏமாத்திட்டானுங்க" என்று நான்தான் முதலில் கத்தினேன். சந்தே சேர்ந்து கத்தியது.

மே 22

வேலைக்குப் போகாமல் அந்த ஆபீஸுக்குப் போனேன். எங்கள் ஸ்டிக்கர் ஒட்டின அதே தாளை உள்ளே சுவரில் மாட்டியிருந்தார்கள். நேராக மாட்டியிருந்தார்கள். எண்கள் எல்லாம் காலில் நின்றன.

அன்றைக்கு மேசையில் எனக்கு அவை தலைகீழாகத் தெரிந்தன. பார்க்காமல் இல்லை, பார்த்தேன். எதிரே நிற்கிறவர்கள் படிக்க வசதியாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாப் என் காலடியில் இல்லை, எதிர்ப் பக்கத்தில் இருந்தது. அப்படியானால் என் இடது கை —

காத்து வேணும்னு நின்னேன். காத்துக்காக. அறுபத்துமூணு பேர் விரலையும் பிடிச்சு நானே வச்சேன். வேற யாரும் இல்லை, நான்.

மே 26

நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. "பெயின்ட் வாசம் ஒத்துக்கலையா?" என்கிறாள் மனைவி. முப்பது வருடமாக ஒத்துக்கொண்ட வாசம் இப்போதா ஒத்துக்கொள்ளாமல் போகும்? அவளிடம் சொல்லவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கையில் குழாய் குத்தி மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போகவும் முடியாது, அடிக்கவும் முடியாது, அதனால்தான் அந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன் போல. கேட்டுவிட்டுக் கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"அடுத்த மாசம் ஆட்சேபம் கேக்குறாங்கல்ல? அங்கே எந்திரிச்சு நின்னு சொல்லிடு. தலைகீழாப் பாத்துட்டேன், எல்லாரையும் தப்பா ஒட்ட வச்சேன்னு சொல்லு. நாலு வார்த்தைடா. உன் கதையை ஆரம்பிக்காதே."

ஜூன் 5

ஆட்சேபத்தை எழுதியும் கொடுக்கலாமாம். உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். எழுதிக் கொடுத்தால் அதை வாசலில் ஒட்டுவார்களாம், சந்தே படிக்குமாம். வேண்டாம், நேரில் சொல்லிக்கொள்கிறேன். பேச்சு எனக்கு வரும்.

ஜூன் 17

பெரிய ஹால். ஆளுக்கு இரண்டு நிமிடம். மேசையில் ஒரு மணி.

இஸ்திரிக்காரர் போய், "நாங்க பூங்கா கேக்கவே இல்லை" என்றார். அந்த ஆபீஸ் அம்மா தாளைப் புரட்டி, "உங்க சந்து மேல அறுபத்துமூணு பச்சை இருக்கே ஐயா? நீங்க ஒட்டினதுதானே?" என்றார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து நான்.

மைக் முன்னால் நின்றேன். பின்னால் எங்கள் ஆட்கள் எல்லோரும். அக்கா ஓரத்து நாற்காலியில். வாயைத் திறந்தேன்.

"ஐயா, அம்மா, வணக்கம். நான் பெயின்ட் அடிக்கிறவன். அந்த ஐஸ் ஃபேக்டரி இருக்கே, அதுக்கு மொதமொத சுண்ணாம்பு அடிச்சது எங்கப்பா. அப்ப ஒரு வேடிக்கை நடந்துச்சு. சுண்ணாம்பு வாளியை ஐஸ் கட்டி மேல வச்சிட்டாரு..."

ஹால் சிரித்தது. சிரிக்கிறார்களே என்று இன்னும் கொஞ்சம் சொன்னேன். வாளி, மேஸ்திரி, மேஸ்திரியின் மீசை. அக்கா சிரிக்கவில்லை. "அதாவது, நான் சொல்ல வந்தது" என்றேன். மணி அடித்தது.

"நன்றி ஐயா. அடுத்தவர் வாங்க."

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை..."

"எழுத்துல தர்றதுக்குப் போன வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருந்துச்சே ஐயா."

இறங்கி வந்தேன். நம்ம ஆட்கள் முதுகில் தட்டினார்கள். "பெரியவங்களையே சிரிக்க வச்சுட்டீங்களே!"

ஜூன் 18

இவனுக்குக் கதை என்றால் நேரம் போவது தெரியாது என்று சந்தில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு நேரம் போவது தெரிந்தது. அது போகட்டும் என்றுதான் பேசினேன். அக்காவுக்கும் அது தெரியும்.

ஆகஸ்ட் 2

உத்தரவு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் காலி செய்யணும். புது அடுக்குமாடியில் பேர் பதியலாமாம். காகிதத்தின் மேலே 'மக்கள் விருப்பத்தின்படி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மனைவிக்கு அதையும் நான்தான் படித்துக் காட்டினேன்.

ஆகஸ்ட் 19

போகிற இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தோம். ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டாவது பஸ்ஸில் அக்கா வாந்தி எடுத்தாள். வாரம் மூன்று தடவை வேண்டாம், இரண்டு போதும் என்கிறாள். இரண்டு போதாது என்று டாக்டர் சொன்னதை அவளும் கேட்டாள்.

ஆகஸ்ட் 30

நோட்டே, உன்னை மூட்டையில் போடவில்லை, சட்டைக்குள் வைத்திருக்கிறேன். சந்தில் பாதி வீட்டுக்குக் கதவில்லை. வண்டி வந்து நிற்கிறது. அக்கா தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். நான் மைக் முன்னால் நின்ற அன்றிலிருந்து என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

இஸ்திரிக்காரர் எங்கள் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நமக்குன்னு முன்னாடி நின்னது நீங்க ஒருத்தர்தான். மறக்க மாட்டேன்." நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன்!

இல்லை. வண்டி கிளம்புமுன் அவரிடமாவது சொல்லிவிடணும். இடையில் கதை வராமல் இருக்க முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். அப்பா வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், நேராக: தம்பி, அன்னைக்கு ஹால்ல நான் —

மனைவி கூப்பிடுகிறாள். "என்னங்க, எழுதினது போதும், பீரோவைப் பிடிக்க ஆளில்லை!" வந்துட்டேன், இரு, ஒரே வரிதான். தம்பி, அன்னைக்கு அந்த வரைபடத்தை நான்